டயர் மாட்டு வண்டி

டயர் மாட்டு வண்டி என்பது, இரும்புப் பட்டை கட்டிய மரச்சக்கரங்களுக்குப் பதிலாகக் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரங்கள் பூட்டப்பட்ட மாட்டு வண்டி ஆகும். பேச்சு வழக்கில் இது டயர் வண்டி எனப்படுகின்றது. புதிதாகவே டயர் வண்டியாகச் செய்யப்பட்டவையும் உண்டு. பழைய மரச்சக்கர வண்டியின் அச்சையும் சக்கரத்தையும் கழற்றிவிட்டு மாற்றுச் சக்கரம் பூட்டப்பட்டவையும் உண்டு. இம்மாற்றம் பார்வைக்குச் சக்கரத்தை மட்டும் மாற்றுவதாகத் தோன்றினாலும், சக்கரத்தின் நடுவிலுள்ள குடம், அச்சு, வண்டியின் உயரம், ஏற்றும் பாரம், இறக்கத்தில் வண்டியை நிறுத்தும் முறை ஆகிய அனைத்தையும் மாற்றுவதாகும். இவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டால், அதன் விளைவைச் சுமப்பது மாட்டின் கழுத்தே ஆகும்.

மரச்சக்கரத்தின் அமைப்பு

தமிழ்நாட்டு மாட்டு வண்டியின் மரச்சக்கரம் பொதுவாக நான்கு முதல் ஐந்து அடி வரை விட்டம் உடையது. அதன் உறுப்புகள் பின்வருமாறு:

* குடம்: சக்கரத்தின் நடுவிலுள்ள பருத்த மரப்பகுதி. அச்சு இதன் துளை வழியே செல்லும். தேய்மானத்தைத் தாங்குவதற்காகத் துளையினுள் இரும்புக் குழாய் பதிக்கப்படும்.
* ஆரக்கால்: குடத்தையும் வட்டையையும் இணைக்கும் மரச்சட்டங்கள்.
* வட்டை: ஆரக்கால்களின் முனையில் வில் வடிவில் செதுக்கிப் பொருத்தப்படும் மரத்துண்டுகள். இவை சேர்ந்து சக்கரத்தின் வட்டம் உருவாகின்றது.
* பட்டை: வட்டையைச் சுற்றிப் போடப்படும் இரும்பு வளையம்.
* இருசு: வண்டியின் அச்சு.
* கடையாணி: சக்கரம் கழன்று ஓடாதிருக்க அச்சின் முனையில் செருகப்படும் ஆணி.

சக்கரம் செய்வதற்குக் கருவேலம், வாகை போன்ற உறுதியான மரங்கள் பயன்பட்டன. இரும்புப் பட்டை சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறியதாக அடிக்கப்படும். அதைத் தீயில் பழுக்கக் காய்ச்சினால் விரியும். விரிந்த நிலையில் சக்கரத்தின் மேல் இறக்கி உடனே நீர் ஊற்றினால் பட்டை சுருங்கி, வட்டை, ஆரக்கால், குடம் ஆகிய அனைத்தையும் ஒன்றாக இறுக்கிப் பிடிக்கும். இப்பணி தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்வதாகும். கோடையில் மரம் உலர்ந்து சுருங்கும்போது பட்டை தளரும். அதனால் சக்கரத்தை அவ்வப்போது நீரில் ஊறவைப்பதும், தேய்ந்து தளர்ந்தபின் பட்டையைக் கழற்றி மீண்டும் கட்டுவதும் வழக்கம்.

குடத்துக்கும் அச்சுக்கும் இடையிலான உராய்வைக் குறைப்பதற்கு, வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் கலந்த வண்டி மை பூசப்பட்டது. அச்சும் அச்சாணியும் தமிழருக்கு நெடுங்காலமாகப் பழகிய பொருள்கள் ஆகும். திருக்குறளில் மிகையான பாரத்தால் முறியும் அச்சு 475ஆம் குறளிலும், பெரிய தேரைக் காக்கும் சிறிய அச்சாணி 667ஆம் குறளிலும் உவமைகளாக வருகின்றன.

மரச்சக்கரம் பெரிதாக இருப்பதன் காரணம்

மரச்சக்கரத்தின் பெரிய விட்டத்துக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, பெரிய சக்கரம் கல், பள்ளம், வரப்பு ஆகியவற்றின் மேல் எளிதாக ஏறும். இரண்டாவது, குடத்தின் உராய்வு தொடர்பானது. குடத்தில் ஏற்படும் உராய்வு வண்டியை எவ்வளவு தடுக்கும் என்பது, அச்சின் ஆரத்துக்கும் சக்கரத்தின் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. அதே அச்சில் சக்கரத்தின் விட்டம் பாதியானால் இத்தடை இரு மடங்காகும். எனவே உராய்வு மிகுந்த எளிய குடத்துக்குப் பெரிய சக்கரம் இன்றியமையாததாக இருந்தது.

டயர் வண்டியின் சக்கரம் சிறியது. மாட்டு வண்டிகளுக்கென இந்தியாவில் விற்கப்படும் டயர்கள் 6.00-19, 7.00-19, 8.00-19 என்பன போன்ற அளவுகளில் கிடைக்கின்றன. இவற்றில் முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாம் எண் உள்வளையத்தின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. 7.00-19 அளவுள்ள டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 33 அங்குலம், அதாவது சுமார் 84 செ.மீ. ஆகும். இவ்வளவு சிறிய சக்கரத்தைப் பழைய உராய்வுக் குடத்தில் பூட்டினால், தரையில் கிடைக்கும் நன்மையில் ஒரு பகுதி குடத்தில் இழக்கப்படும். ஆகவே காற்றடைத்த சக்கரமும், பேரிங் எனப் பேச்சில் வழங்கும் தாங்கி பொருத்திய குடமும் ஒன்றாகவே மாற்றப்பட வேண்டியவை.

வரலாறு

காற்றடைத்த சக்கரம் முதலில் குதிரை வண்டிக்காகவே எண்ணப்பட்டது. இசுக்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அது பரவலாகவில்லை. 1888ஆம் ஆண்டில் ஜான் பாய்டு டன்லப் மிதிவண்டிக்காக இதனை மீண்டும் உருவாக்கிய பின்னரே உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் மோட்டார் வாகனங்கள் பெருகத் தொடங்கியபோது, இரும்புப் பட்டை கட்டிய மாட்டு வண்டிகள் சாலைகளைச் சிதைப்பது ஒரு சிக்கலாகக் கருதப்பட்டது. ஒடுங்கிய இரும்புப் பட்டை முழுப் பாரத்தையும் மிகச் சிறிய பரப்பில் அழுத்துவதால், கப்பிச் சாலையின் மேற்பரப்பு பொடியாகி வண்டித் தடம் பள்ளமாகிறது. 1934ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியச் சாலைப் பேராயத்தின் தொடக்ககாலக் கூட்டங்களிலும் இது பேசப்பட்டது. 1930களில் டன்லப் நிறுவனம் மாட்டு வண்டிகளுக்கான காற்றடைத்த சக்கரங்களை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. பின்னர் இந்திய நிறுவனங்களும் இவ்வகை டயர்களைச் செய்யத் தொடங்கின. 1946ஆம் ஆண்டில் சென்னையில் பலூன் செய்யும் பட்டறையாகத் தொடங்கப்பட்ட எம்.ஆர்.எப். நிறுவனமும் அவற்றுள் ஒன்று.

விடுதலைக்குப் பின்னரும் மரச்சக்கர வண்டிகளே பெரும்பான்மையாக இருந்தன. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என். எசு. இராமசாமி, 1970களில் மாட்டு வண்டியை மேலாண்மை ஆய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டார். நாட்டில் ஏறத்தாழ 1.5 கோடி மாட்டு வண்டிகள் இருப்பதாக அவர் மதிப்பிட்டார். வண்டியின் வடிவமைப்பையும் நுகத்தடியையும் சீர்திருத்தினால் போக்குவரத்தும் மாடுகளின் நலனும் ஒருங்கே மேம்படும் என்பது அவருடைய கருத்து.

இழுவிசை

மாடு ஒன்று நெடுநேரம் தொடர்ந்து இழுக்கக்கூடிய விசை, அதன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 300 கிலோ எடையுள்ள இரு மாடுகள் சேர்ந்து சுமார் 60 கிலோ விசையுடன் இழுக்கும் எனக் கொள்ளலாம். சமதரையில் வண்டியை உருட்டத் தேவையான விசை மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கானால், அவை 1200 கிலோவை இழுக்கும். அதுவே நாற்பதில் ஒரு பங்கானால் 2400 கிலோவை இழுக்கும். சாலையின் தன்மைக்கு ஏற்ப இப்பங்குகள் மாறும் எனினும், மண் சாலையிலும் மணலிலும் அகன்ற டயர் புதையாமல் உருள்வதால் தேவைப்படும் விசை குறைகின்றது.

ஆனால் ஏற்றத்தில் இந்நன்மை முழுமையாகக் கிடைப்பதில்லை. 30 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில், 1500 கிலோ எடையுள்ள வண்டிக்குக் கூடுதலாக 50 கிலோ விசை தேவைப்படும். இது எடையையும் சரிவையும் மட்டுமே பொறுத்தது. சக்கரம் மரமாயினும் இரப்பராயினும் இவ்வளவு மாறாது.

இறக்கமும் தடையும்

டயர் வண்டியின் குறை இறக்கத்திலேயே வெளிப்படுகின்றது. மேற்கூறிய அதே சரிவில் வண்டி இறங்கும்போது 50 கிலோ விசை அதனை முன்னோக்கித் தள்ளும். உருளும் தடை இருபதில் ஒரு பங்காக உள்ள மரச்சக்கர வண்டியை 75 கிலோ விசை பின்னிழுக்கும். எனவே இறக்கத்திலும் மாடுகள் 25 கிலோ விசையுடன் இழுத்தே செல்லவேண்டும். வண்டி அவற்றின் மேல் பாயாது. தடை நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்த டயர் வண்டியில் பின்னிழுக்கும் விசை 37.5 கிலோ மட்டுமே. மீதி 12.5 கிலோ விசை ஏர்க்கால் வழியாக நுகத்தடியை முன்னே தள்ளும். பாரத்தை 2400 கிலோவாக உயர்த்தினால் இத்தள்ளு விசை 20 கிலோவாகும். சரிவு கூடினால் இது விரைந்து பெருகும்.

மரச்சக்கரத்தின் குறையாகக் கருதப்பட்ட உராய்வே அதற்குத் தடையாகவும் பயன்பட்டது. சக்கரத்தை மாற்றும்போது அத்தடையும் நீங்கிவிடுகின்றது. ஆகவே டயர் வண்டிக்குத் தனியே பிரேக் அமைக்கப்பட வேண்டும். வண்டியோட்டி கயிற்றாலோ நெம்புகோலாலோ இயக்கும் கட்டை, சக்கரத்தை அழுத்தி நிறுத்துமாறு அமைப்பது எளிய முறையாகும். பிரேக் இல்லாத டயர் வண்டிகளில், மாடுகள் கால்களை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து கழுத்தாலும் கொம்பாலும் வண்டியைத் தடுக்க நேர்கின்றது.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். வத்திராயிருப்பு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கான்சாபுரம் முதலிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியுள்ளன. நெல்லும் தென்னையும் மாவும் இவ்வட்டாரத்தின் விளைபொருள்கள். இங்கு நிலம் மலையிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிகின்றது. எனவே அடிவாரத் தோப்புகளிலிருந்து கிழக்கே செல்லும் வண்டிகள் பாரத்துடன் இறங்குபவை. திரும்பும்போது வெற்று வண்டியாக ஏறுபவை. இழுப்பதற்கு இது எளிதான நிலம், நிறுத்துவதற்கு அன்று. கிழக்கே சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் நிலைமை வேறு. அங்குச் சரிவு பெரிதன்று. மழைக்குப் பின் ஒடுங்கிய சக்கரம் சேற்றில் புதைவதே அங்குள்ள இடர்.

கழுத்தின் மேல் விழும் பாரம்

இருசக்கர வண்டியில் பாரத்தின் ஒரு பகுதி எப்போதும் நுகத்தடியின் மேல் விழுகின்றது. 1500 கிலோ பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு 10 செ.மீ. முன்னால் இருந்து, அச்சுக்கும் நுகத்தடிக்கும் இடைத்தூரம் 3 மீட்டர் எனில், கழுத்துகளின் மேல் 50 கிலோ எடை விழும். அதே பாரம் 20 செ.மீ. முன்னால் இருந்தால் அது 100 கிலோவாகும். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும்.

சிறிய சக்கரம் பூட்டும்போது அச்சு தாழ்கின்றது. மாட்டின் தோள் உயரம் மாறாததால் ஏர்க்கால் முன்னோக்கி மேலெழுந்து நிற்கும்; வண்டியின் தட்டு பின்னோக்கிச் சாயும். இதனைத் தவிர்க்க, அச்சுக்கும் தட்டுக்கும் இடையே கட்டையோ இரும்புத் தாங்கலோ வைத்துத் தட்டு பழைய உயரத்துக்கு உயர்த்தப்பட வேண்டும். அச்சைத் தட்டின் கீழ் எந்த இடத்தில் பூட்டுவது என்பதும் பாரம் ஏற்றிப் பார்த்த பின்னரே முடிவு செய்யப்பட வேண்டியதாகும்.

சக்கரமும் குடமும் பொருத்தும் முறை

டயர் வண்டிகளில் புதிய அச்சுத் தொகுதிகளுடன், கழித்துக் கட்டப்பட்ட மோட்டார் வாகனங்களின் அச்சு, குடம், சக்கரத் தட்டு ஆகியவையும் பயன்படுகின்றன. வெவ்வேறு வாகனங்களிலிருந்து எடுத்த குடத்தையும் சக்கரத்தையும் இணைக்கும்போது பின்வருவன ஒத்திருக்க வேண்டும்:

* போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்: நான்கு அல்லது ஆறு போல்ட்டுகள் எனில், எதிரெதிர் போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்தால் விட்டம் கிடைக்கும். ஐந்து போல்ட்டுகளில் எதிரெதிர் இணை இல்லாததால், அடுத்தடுத்த இரு போல்ட்டுகளின் நடுத்தூரத்தை 1.70 ஆல் பெருக்க வேண்டும்.
* நடுத்துளை: சக்கரத் தட்டின் நடுத்துளை குடத்தின் மேல் சரியாக அமர வேண்டும்.
* நட்டு அமரும் இடம்: கூம்பு வடிவ நட்டுக்குக் கூம்புத் துளையும், தட்டை நட்டுக்குத் தட்டைப் பரப்பும் வேண்டும். இவை மாறினால் நட்டு இறுகியதுபோல் தோன்றினும் ஓட்டத்தில் தளரும்.
* சக்கரத் தட்டின் குழிவு: தட்டு குடத்திலிருந்து வெளியே தள்ளி நின்றால் பாரம் தாங்கிகளின் நடுவே விழாமல் வெளித் தாங்கியின் மேல் சாயும், அது விரைவில் தேயும்.
* பாரத்திறன்: அச்சு, தாங்கி, சக்கரத் தட்டு, டயர் ஆகியவற்றுள் எது மிகக் குறைந்த எடையைத் தாங்குமோ, அதுவே வண்டியின் பாரத்திறன் ஆகும்.

கூம்புருளைத் தாங்கிகள் குடத்தினுள் இரண்டாக, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பொருத்தப்படுகின்றன. கிரீஸ் நிரப்பியபின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே அச்சு நட்டு இறுக்கப்படும். தாங்கிகள் சரியாக அமர்ந்ததும் நட்டைச் சற்றுத் தளர்த்தி, ஆட்டம் இன்றிச் சக்கரம் தடையின்றிச் சுழலும் நிலையில் காட்டர் பின் செருகப்படும். மரச்சக்கர வண்டியில் கடையாணி செய்த வேலையையே இந்தப் பின் இங்குச் செய்கின்றது. சக்கர நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குவதும், சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் இறுக்குவதும் வேண்டும்.

முகாம் செல்வோர் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு டிரெய்லர்களிலும் இதே ஐந்து பொருத்தங்களே பார்க்கப்படுகின்றன. வேகம் மிகுதியாதலால் அவற்றில் தாங்கி சூடேறுவதும் நட்டு தளர்வதும் கூடுதலான இடரை விளைவிக்கும். மாட்டு வண்டியில் வேகம் குறைவு. ஆனால் பாரமும் குழியும் மிகுதி.

சட்டப்படியான பாரம்

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960 என்பதன்கீழ் 1965ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இழுவை மற்றும் பொதி விலங்குகள் விதிகள், வண்டியின் சக்கரத்தையும் தாங்கியையும் பொறுத்துப் பாரத்தின் மேல் எல்லையை வரையறுக்கின்றன. ஒரு மாடு இழுக்கும் இருசக்கர வண்டிக்கான எல்லைகள் வருமாறு:

* சிறிய மாடு (200 கிலோ வரை): சாதாரணச் சக்கரம் 500 கிலோ, காற்றடைத்த டயர் 750 கிலோ, குண்டுத் தாங்கி பொருத்தியது 1000 கிலோ.
* நடுத்தர மாடு (200 முதல் 350 கிலோ வரை): முறையே 700, 1050, 1400 கிலோ.
* பெரிய மாடு (350 கிலோவுக்கு மேல்): முறையே 900, 1350, 1800 கிலோ.

இரண்டு மாடுகள் பூட்டிய வண்டிக்கு இவ்வளவுகள் இரு மடங்காகும். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றமும், 30 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேற்பட்ட சரிவும் உள்ள வழியில் பாதியளவே ஏற்றலாம். ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேலும் மாட்டை வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்குவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

இப்பட்டியலின்படி டயருக்குப் பாரம் ஒன்றரை மடங்காகவும், குண்டுத் தாங்கிக்கு இரு மடங்காகவும் உயர்கின்றது. அதாவது சக்கரத்தாலும் குடத்தாலும் கிடைக்கும் எளிமை கூடுதல் பாரமாக மாற்றப்படுகின்றது. மாட்டின் இழுப்பு குறைவதில்லை. பழைய அளவு பாரத்தையே டயர் வண்டியில் ஏற்றும்போது மட்டுமே மாட்டுக்கு அதன் பயன் கிட்டும். இவ்வெல்லைகள் மாட்டின் எடை, சக்கரம், தாங்கி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டவை. பிரேக் இப்பட்டியலில் ஓர் அளவுகோலாக இல்லை.

தேர்களில் சக்கர மாற்றம்

மரச்சக்கரத்துக்கு மாற்றுச் சக்கரம் பூட்டுதல் கோயில் தேர்களிலும் நிகழ்ந்துள்ளது. ஆடிப்பூரத் திருவிழாவில் ஓடும் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பெரிய தேர், முன்னர் மரச்சக்கரங்களில் ஓடியது. பின்னர் அதற்கு இரும்புச் சக்கரங்களும் நீர்ம விசையால் இயங்கும் பிரேக்கும் பொருத்தப்பட்டன. திருவாரூர் ஆழித்தேருக்கும் இத்தகைய மாற்றம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் பல தேர்களுக்கான இரும்புச் சக்கரங்களையும் அச்சுகளையும் திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் செய்து தந்துள்ளது.

மரச்சக்கரத் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடப்படும். எளிதாக உருளும் சக்கரம் வந்தபோது, அதனோடு பிரேக்கும் சேர்த்தே அமைக்கப்பட்டது. இவ்வகையில் தேரின் சக்கர மாற்றம், மாட்டு வண்டியின் சக்கர மாற்றத்தைவிட நிறைவானது எனலாம்.

இன்றைய நிலை

டிராக்டர்களும் சிறு சரக்கு வாகனங்களும் பெருகியதால் மாட்டு வண்டிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்துள்ளது. எஞ்சியுள்ள பார வண்டிகளில் டயர் வண்டிகளே மிகுதி. ஆற்று மணல் எடுப்பதற்கு மாட்டு வண்டிகளுக்கெனத் தனிக் குவாரிகள் தமிழ்நாட்டில் திறக்கப்பட்டதுண்டு. ஆற்று மணலிலிருந்து பாரத்துடன் கரையேறுவது கடினமான இழுப்பாகும். தென் மாவட்டங்களில் நடைபெறும் மாட்டு வண்டிப் பந்தயங்களில் மரச்சக்கர வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. டயர் வண்டியின் வரவால் சக்கரம் செய்யும் தச்சருக்கும் பட்டை கட்டும் கொல்லருக்கும் வேலை குறைந்தது. அவ்வேலை பஞ்சர் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் சென்றது.

மரச்சக்கரத்துக்குப் பஞ்சர் இல்லை; அதனை ஊரிலேயே செய்யவும் செப்பனிடவும் முடியும். டயர் சாலையைச் சிதைப்பதில்லை; குலுக்கல் குறைவு; சேற்றிலும் மணலிலும் புதைவதும் குறைவு. இரண்டில் எதனைத் தேர்ந்தெடுத்தாலும் குடம், அச்சு, தட்டின் உயரம், பிரேக், பாரம் ஆகியவை அச்சக்கரத்துக்கு இசைய அமைந்த வண்டியே நல்ல வண்டியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மாட்டு வண்டி
* அச்சாணி
* நுகத்தடி
* காங்கேயம் காளை
* தேர்த் திருவிழா